சம எடையில் ஒரு கயிறு இழுப்பு

1. புதன்கிழமை

1982 ஆகஸ்ட் 18, புதன்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். ஆறு மணிக்கு விசில். மாணவர்களை வகுப்புவாரியாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு டிரில் நடத்தினேன். அவர்கள் ஓடைக்குக் குளிக்கப் போன பிறகு விளையாட்டுச் சாமான் அறையைத் திறந்து சரிபார்த்தேன். வாலிபால் ஒன்று, காற்று இறங்கிய ஃபுட்பால் ஒன்று, இரும்புக் குண்டு ஒன்று, ஸ்கிப்பிங் கயிறு நான்கு. எதுவும் குறையவில்லை. பிறகு மெஸ்ஸில் சாமைக் கஞ்சி. அந்த வருஷத்து நாட்குறிப்பில் பள்ளி நடந்த நாட்களெல்லாம் ஏறக்குறைய இப்படித்தான் தொடங்குகின்றன.

ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுப் பக்கம் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் நான் அப்போது உடற்கல்வி ஆசிரியை. அப்படிச் சொன்னால் யாருக்கும் தெரியாது. டிரில் டீச்சர் என்றால் தெரியும். சொந்த ஊர் செங்கம் பக்கம். வேலைக்கு வந்து மூன்றாவது வருஷம், வயது இருபத்தேழு. இன்று இந்த வேலைக்கு வரும் இளம் ஆசிரியைகள் என்னிடம் பல கேள்விகள் கேட்கிறார்கள். ஆண் உடம்புக்கும் பெண் உடம்புக்கும் விளையாட்டில் எவ்வளவு வித்தியாசம், அதை வைத்து நாம் என்ன செய்ய வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அதற்கான பதிலை நான் பயிற்சிக் கல்லூரியில் பாதிதான் படித்தேன். மீதியை இந்தப் புதன்கிழமை படித்தேன்.

மலையில் சமதளம் அபூர்வம். எங்கள் பள்ளிக்கு ஒரே ஒரு கிரவுண்டு. ஒரு பக்கம் வகுப்பறைகள், மறு பக்கம் கூட்டுறவுச் சங்கத்தின் குடோன். சாயங்காலம் அந்தக் கிரவுண்டு பையன்களுடையது. பெண்கள் விடுதிக்குப் பின்னால் துணி காயப்போடும் சரிவில் ஸ்கிப்பிங் ஆடுவார்கள். இப்படி என்று யாரும் உத்தரவு போட்டதில்லை. நான் வருவதற்கு முன்பிருந்தே அப்படித்தான்.

பத்தாம் வகுப்பில் குப்பம்மா என்று ஒரு பெண். எண்ணூறு மீட்டர் ஓடுவாள். அவளுடைய ஊர் பள்ளியிலிருந்து இரண்டு மேடு தாண்டி. விடுமுறைக்குப் போய்வருவதே அவளுக்கு ஓட்டம்தான். முந்தைய வருஷம் திருப்பத்தூரில் நடந்த மண்டலப் போட்டிக்கு அழைத்துப் போனேன். நேர்ப் பாதையில் எல்லாரையும் முந்தினாள். வளைவில் உள்கோட்டைத் தாண்டி மிதித்துவிட்டாள் என்று நீக்கிவிட்டார்கள். மலைப் பாதையில் ஓடிப் பழகியவளுக்குச் சுண்ணாம்புக் கோட்டுக்குள் வளைந்து ஓடுவது புதிது. இந்த வருஷம் போட்டிக்கு ஒரு மாதம் இருந்தது. பள்ளியில் அவளுக்கு அது கடைசி வருஷம். துணி காயப்போடும் சரிவில் வளைவு போட முடியாது. கிரவுண்டு வேண்டும்.

2. எச்.எம். அறையில்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தலைமை ஆசிரியரைப் போய்ப் பார்த்தேன். அடிவாரத்துக்காரர். கெட்ட மனிதர் இல்லை. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் தன் பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கீழே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார்.

"கிரவுண்டு ஒண்ணுதானே கீது டீச்சர்," என்றார். "பசங்கள வெளிய அனுப்பிட்டுப் பொண்ணுங்கள வுட்டா, சாயங்காலம் அவனுங்க எந்த மரத்துல ஏறிக்கினு இருப்பானுங்கோன்னு யாரு தேடறது?"

"வாரத்துல மூணு நாள் போதும் சார்."

"ஓடி இன்னா ஆவப்போவுது, சொல்லுங்க. ஆம்பள ஒடம்பு வேற, பொம்பள ஒடம்பு வேற. நீங்க அதுக்குன்னே படிச்சவங்க. நான் சொல்லணுமா?"

"வேறதான் சார். அதனாலதான் தனியா நாள் கேக்கறேன்."

இந்தப் பதிலோடு நான் நின்றிருக்கலாம். அது போதுமான பதில். ஆனால் வாசலில் சாக்பீஸ் டப்பா வாங்க நின்றிருந்த கோவிந்தன் வாயைத் திறந்தான். அவனும் பத்தாம் வகுப்பு. கபடி டீமுக்குக் கேப்டன்.

"சார், எதுலயாச்சும் எங்கள ஜெயிச்சிக் காட்டச் சொல்லுங்க சார். கிரவுண்டையே குடுத்துர்றோம்."

எச்.எம். சிரித்தார். "கேட்டீங்களா டீச்சர்?"

ஜன்னலுக்கு வெளியே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்களில் குப்பம்மாவும் இருந்தாள். கழுவிய தட்டை உதறிக்கொண்டே கேட்டாள்: "கயிறு இழுக்கலாமாடா?"

அவள் கயிற்றைச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. மூன்று நாள் முன்னால் சுதந்திர தினத்துக்கு ஊர்க்காரர்களுக்குக் கயிறு இழுக்கும் போட்டி நடந்தது. சங்கத்தில் வாங்கிய லாரிக் கயிறு இன்னும் கிரவுண்டிலேயே கிடந்தது.

"எட்டுக்கு எட்டு," என்றான் கோவிந்தன்.

"எட்டுக்கு எட்டு இல்ல," என்று நான் குறுக்கிட்டேன். "கிலோவுக்குக் கிலோ."

பயிற்சிக் கல்லூரியில் குஸ்திக்கு எடை பார்த்துத்தான் ஜோடி சேர்ப்போம். எடை சமமானால் ஆட்டம் சமம் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆண் பெண் வித்தியாசத்துக்கும் அதே கணக்குப் போதும் என்று நினைத்தேன். எச்.எம்.முக்கு இது பிடித்துப்போயிற்று.

"சரி டீச்சர். சம எடையில உங்க பொண்ணுங்க ஜெயிச்சா வாரத்துல மூணு நாள் கிரவுண்டு. தோத்தா இந்தப் பேச்சே எடுக்கக்கூடாது. எடைக்குப் பெருமாள்கிட்டப் போங்க."

3. புளித் தராசு

பெருமாள் சங்கத்தில் எடை போடுகிறவர். பள்ளியில் எல்லாருக்கும் பெருமாள்ண்ணா. புளி சீசன் முடிந்து குடோன் காலியாக இருந்தது. பெரிய பிளாட்பாரத் தராசு மூலையில் சாக்குப் போர்த்திக் கிடந்தது. நான்கு பேர் சேர்ந்து வாசலுக்கு இழுத்து வந்தோம்.

"இதுல புளி ஏறும், கடுக்காய் ஏறும், தேன் டின்னு ஏறும்," என்றார் பெருமாள். "மனுசன் ஏறி நான் பாத்ததில்ல டீச்சர்."

முதலில் பையன்கள் எட்டுப் பேர். சட்டையைக் கழற்றிவிட்டு டிராயரோடு ஏறினார்கள். தங்கள் எடை கூடினால் எதிரே பெண்கள் கூடுவார்கள் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஒருவன் மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு ஏறினான். இன்னொருவன் தட்டின் மேல் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"ஏன்டா, ஒத்தக் கால்ல நின்னா பாதி எடையா? கொக்கு மாதிரி நிக்காத, எறக்கு."

எட்டுப் பேருக்கும் சேர்த்து முந்நூற்று முப்பத்தாறு கிலோ.

பெண்கள் ஏறத் தயங்கினார்கள். "எங்கள இன்னா புளியா, நிறுத்துப் போட?" என்றாள் ஒருத்தி. "நிறுத்தா எளைச்சிப் பூடுவோம்னு எங்கம்மா சொல்லும் டீச்சர்," என்றாள் இன்னொருத்தி. குப்பம்மா பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு முதலில் ஏறினாள். இறங்கி, தன் கையைத் தானே கிள்ளிப் பார்த்து, "எளைக்கலடி, வாங்க," என்றாள். அதன் பிறகு எல்லாரும் ஏறினார்கள்.

எட்டுப் பெண்களுக்கு எடை போதவில்லை. ஒன்பதாவதாக ஒருத்தியைச் சேர்த்தோம். பெருமாள் கூட்டிச் சொன்னார்: முந்நூற்று முப்பத்தாறு. ஒரு கிலோ கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

4. முதல் இழுப்பு

லேசான தூறல் விழுந்து நின்றிருந்தது. கயிற்றின் நடுவில் என் கைக்குட்டையைக் கட்டினேன். தரையில் மூன்று கோடு கீறினேன். எச்.எம். நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மொத்தப் பள்ளியும் சுற்றி நின்றது.

"வாங்க வாங்க, மூஞ்சில மண்ணு ஒட்டப்போவுது," என்றான் கோவிந்தன்.

"ஒட்டினா கழுவிக்கறோம். நீ காலப் பாத்து நில்லு," என்றாள் குப்பம்மா.

விசில் ஊதினேன். பையன்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கையால் வெடுக்கென்று இழுத்தார்கள். கைக்குட்டை அவர்கள் பக்கம் ஒரு முழம் போயிற்று. பெண்கள் இழுக்கவில்லை, உட்கார்ந்தார்கள். இடுப்பைத் தாழ்த்தி, குதிகாலை ஈர மண்ணில் இறக்கி, விறகுச் சுமையோடு சரிவில் இறங்கும்போது நிற்பதுபோல் நின்றார்கள். பையன்களின் முதல் வேகம் அங்கேயே தீர்ந்துபோயிற்று. பிறகு பெண்கள் ஒவ்வொரு அடியாகப் பின்னால் நடந்தார்கள். கைக்குட்டை நடுக்கோட்டைத் தாண்டி அவர்கள் கோட்டுக்கு வந்தது.

என் காது அடைத்துக்கொள்ளும் அளவுக்குக் கூச்சல். எச்.எம். எழுந்து நின்றே கைதட்டினார்.

கோவிந்தன் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான். ஆனால் அவன் பெண்கள் பக்கம் பார்க்கவில்லை. குடோன் வாசலைப் பார்த்தான். அவன் அப்பா ஒவ்வொரு சீசனும் இதே தராசில் புளி போடுகிறவர்.

"பெருமாள்ண்ணா, இவங்களுக்குக் கழிவு போட்டியா?"

"பின்ன?" என்றார் பெருமாள். "தலைக்கு ஒரு கிலோ சாக்குக் கழிவு."

"சாக்கு எங்கண்ணா கீது?"

"பாவாட, தாவணி, அதுவும் ஈரம். அது சாக்குதானேடா? நீங்க வெறும் ஒடம்பா ஏறினீங்கோ, ஒங்களுக்குக் கழிக்கல. சாக்கு இல்லாத சரக்குக்குக் கழிச்சா சங்கத்துல என்ன வேலய வுட்டுத் தூக்கிடுவாங்க."

அவர் யாரையும் ஏமாற்றவில்லை. பல வருஷமாகப் புளிக்கு எப்படி எடை போட்டாரோ, அப்படியே போட்டிருக்கிறார். ஆனால் கயிறு இழுக்கும்போது ஈரப் பாவாடையும் எடைதான். தலைக்கு ஒரு கிலோ, ஒன்பது பெண்கள். அவர்கள் பக்கம் ஒன்பது கிலோ அதிகம்.

"இந்த இழுப்பு செல்லாது," என்றேன்.

குப்பம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒம்பது கிலோல இன்னா டீச்சர் ஆயிடும்? நீங்க எங்க பக்கமா, அவனுங்க பக்கமா?"

"நான் விசில் பக்கம்."

ஒன்பதாவது பெண் கழிவு போடாமல் முப்பத்தாறு கிலோ. அவளை எடுத்துவிட்டு, பாவாடையோடு சரியாக இருபத்தேழு கிலோ வருகிற ஓர் ஆறாம் வகுப்புப் பெண்ணைத் தேடிப் பிடித்தோம். இம்முறை நானே முள்ளைப் பார்த்தேன்.

5. இரண்டாவது இழுப்பு

இந்தத் தடவை யாரும் கேலி பேசவில்லை. விசிலுக்குப் பிறகு கைக்குட்டை நடுக்கோட்டின் மேலேயே நின்றது. நெடுநேரம் நின்றது. சுற்றி நின்றவர்களும் கத்துவதை நிறுத்திவிட்டார்கள்.

நான் கோட்டின் பக்கத்தில் குனிந்து இரு பக்கத்தையும் பார்த்தேன். பெண்களின் கால்கள் அசையவில்லை. குதிகால் பதித்த குழியிலேயே இருந்தது. ஆனால் அவர்கள் கைகளுக்குள் கயிறு நகர்ந்தது. விரற்கடை அளவு, பிறகு இன்னொரு விரற்கடை. ஒருத்தி பிடியை மாற்றுவதற்காக ஒரு கையை எடுத்த கணத்தில் மொத்தமும் போய்விட்டது. ஒன்பது பேரும் முன்னால் விழுந்தார்கள்.

பையன்கள் ஜெயித்துவிட்டார்கள். சந்தேகமே இல்லாத வெற்றி. நான் விசில் ஊதிக் கையை அவர்கள் பக்கம் காட்டினேன்.

எச்.எம். என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. "நல்லாத்தான் இழுத்தாங்க டீச்சர். ஆனா பேச்சு பேச்சுதான்."

கிலோவுக்குக் கிலோ என்று கேட்டவள் நான்தான். கொடுத்தாயிற்று.

குப்பம்மா எழுந்து வந்தாள். முழங்கை வரை சேறு. உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே எச்.எம். எதிரே நின்றாள்.

"சார், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"அந்தா நிக்கறானுங்களே ஆறாங்கிளாஸு பசங்க, அவனுங்க எங்கள இழுத்து ஜெயிப்பானுங்களா?"

எச்.எம். திரும்பிப் பார்த்தார். முன்வரிசையில் நின்றிருந்த சின்னப் பையன்கள் தங்களை இழுக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து, ஒருவன் பின்னால் ஒருவன் ஒளிந்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள்.

"ஜெயிக்க மாட்டானுங்க," என்றார் எச்.எம்.

"கோவிந்தன ஜெயிப்பானுங்களா?"

"எங்க ஜெயிக்கறது?"

"ஆனா அவனுங்க தெனம் கிரவுண்டுலதான ஆடறானுங்க சார்? அவனுங்கள யாரும் மொதல்ல ஜெயிச்சிட்டு வான்னு சொல்லலியே. நாங்க இவனுங்கள ஜெயிக்கவா சார் கிரவுண்டு கேட்டோம்? ஓடறதுக்குக் கேட்டோம்."

எச்.எம். நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்தார். பிறகு என்னிடம், "இவ கணக்குல எவ்ளோ மார்க் வாங்கறா டீச்சர்?" என்றார்.

"சுமார்தான் சார்."

"சுமார்தானா!" வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் கோவிந்தனைக் கூப்பிட்டார். "நீ இன்னாடா சொல்ற? ஜெயிச்சவன் நீதான்."

கோவிந்தன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். நிமிராமலே சொன்னான்: "சனிக்கிழம மட்டும் எங்களுக்கு வேணும் சார். கீழ ஊர்ப் பசங்க கபடிக்கு வர்றானுங்க."

"மத்த நாளு?"

"இன்னா பண்றது, வுடுங்க சார்."

திங்கள், வியாழன், வெள்ளி மூன்று நாளும் கிரவுண்டு பெண்களுக்கு என்று எச்.எம். அங்கேயே அறிவித்தார். ஆறாம் வகுப்புப் பையன்கள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டினார்கள். இழுக்க வேண்டாம் என்றாகிவிட்ட நிம்மதி.

6. அதிலிருந்து செய்தவை

அன்றைக்கு ராத்திரி நாட்குறிப்பில் நான் எழுதிய வரி இது: "கால் விடவில்லை. கைதான் விட்டது."

எடையைச் சமமாக்கினால் உடம்பும் சமமாகிவிடும் என்ற எண்ணம் அதோடு போயிற்று. அந்த வயதில் பையனின் தோளிலும் கையிலும் சதை ஏறுகிறது. அதே நாற்பது கிலோவைத் தராசில் காட்டுகிற பெண்ணுக்கு அது வேறு இடங்களில் ஏறுகிறது. தராசு இரண்டையும் ஒரே முள்ளில் காட்டும். கயிறு பிரித்துக் காட்டிவிடும். கால் பலத்தில் நான் பார்த்தவரை வித்தியாசம் குறைவு, பிடியில் அதிகம். இது யாருக்கும் அவமானம் இல்லை. டேப்பும் ஸ்டாப் வாட்ச்சும் ஒவ்வொரு வருஷமும் காட்டுவதுதான்.

ஆனால் தெரிந்த பிறகு வேலை மாற வேண்டும். நான் மாற்றியவை சில. பெண்களுக்குத் தனிக் குண்டு வரவழைத்தேன். அதுவரை பையன்களின் குண்டையே போட்டு மணிக்கட்டை வீங்கவைத்துக்கொண்டிருந்தார்கள். நீளம் தாண்டும் பெண்கள் இறங்கும்போது முழங்கால்கள் உள்பக்கமாகச் சாய்வதைக் கவனித்து, தாண்டுவதற்கு முன் இறங்கக் கற்றுக்கொடுத்தேன். மாதவிலக்கு நாளில் ஓடுவதா வேண்டாமா என்பதை ஓடுகிறவளே சொல்லட்டும், நான் காரணம் கேட்க மாட்டேன் என்று விடுதியில் சொல்லிவைத்தேன். பையன் எண்ணூறு மீட்டரை எவ்வளவில் ஓடினான் என்று பெண்ணிடம் சொல்வதை நிறுத்தினேன். அவள் போன வாரம் எவ்வளவில் ஓடினாள் என்பதை மட்டும் சொன்னேன்.

குப்பம்மா அந்த வருஷம் மண்டலப் போட்டியில் இரண்டாவதாக வந்தாள். கோட்டை மிதிக்கவில்லை. முதலில் வந்த பெண் அவளைவிட உயரம், நீளமான கால். "அவ காலு நீட்டு டீச்சர், வேற ஒண்ணுமில்ல," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு, ஜீப்பில் பொரி தின்றுகொண்டே வந்தாள்.

இளம் ஆசிரியைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். உடம்பில் வித்தியாசம் உண்டு. யாராவது அதைச் சொன்னால் இல்லை என்று சண்டை போடாதீர்கள். எடையைச் சமமாக்கினால் வித்தியாசம் போய்விடும் என்று பந்தயம் கட்டித் தோற்றவள் நான். யாருக்கு எந்தக் குண்டு, எந்த உயரம், யாரோடு யாரை ஓடவிடுவது என்று தீர்மானிக்க அந்த வித்தியாசம் உதவும். கிரவுண்டை யாருக்குத் திறப்பது என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. அந்தக் கேள்வியை யாராவது பந்தயமாக மாற்றினால், விசிலைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் வியாழக்கிழமை, பெண்களின் முதல் நாள். கிரவுண்டின் வெளி விளிம்பில் பையன்கள் ஓடியதே இல்லை. அது முழுக்கக் கல்லும் தொட்டாற்சிணுங்கி முள்ளும். எங்களுடைய வளைவு அந்த விளிம்பு வழியாகத்தான் போக வேண்டும். ஓடப்போகிறவர்கள் எல்லாரும் வெறுங்கால். அதனால் விடிந்ததும் முதல் வேலையாக, குளிக்கப் போவதற்கு முன்பே, கூடைகளை எடுத்துக்கொண்டு போய்க் கல் பொறுக்கினோம்.